வண்ணச் சக்கரமும் துறைமுக நிறங்களும்

நான்கு பக்கங்களைக் கொண்ட சிறு பிரசுரம் ஒன்று எமது மேசையிற் கிடக்கின்றது. வடிவமைப்புத் துறையிற் புகுவோருக்கு நிறக் கோட்பாட்டின் அரிச்சுவடியைக் கற்பிப்பது அதன் நோக்கம். திருகோணமலையில் வரைகலை பயிற்றும் நிலையமொன்று சென்ற ஆண்டு தன் மாணாக்கருக்கும், அயற் பாடசாலைகளின் உயர்தர வகுப்பினருக்கும் அதனை இலவசமாக வழங்கியது. முதற்பக்கத்திலே பன்னிரு கூறுகளாகப் பகுக்கப்பட்ட வண்ணச் சக்கரம். இரண்டாம் பக்கத்தில் எந்நிறத்தோடு எந்நிறம் இணங்கும் என்னும் விதிகள். மூன்றாவதிற் கணினிக்குரிய எண்கள். நான்காவதில், ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே அதன் பொருள் குறித்த ஓர் அட்டவணை. சிவப்பு கோபமும் அபாயமும், நீலம் அமைதியும் நம்பிக்கையும், பச்சை செழிப்பு, கறுப்பு துக்கம், வெள்ளை தூய்மை. அகராதி பார்த்துச் சொல்லுக்குப் பொருள் காண்பது போல, இவ்வட்டவணை பார்த்து நிறத்துக்குப் பொருள் கண்டுகொள்ளலாம் போலும்!

அந்நிலையம் கடற்றொழிலாளரின் பாதுகாப்பைப் பொருளாகக் கொண்டு ஒரு சுவரொட்டிப் போட்டியும் நடத்தியது. எமது பாடசாலையிலிருந்து கலந்துகொண்டவருள் ஒருவன் பின்விரிகுடாக் கரையிலே வாழும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. தாள் முழுவதும் சாம்பல் நிறக் கடல்; ஓரத்தில் இருண்டதொரு படகு; நடுவே, செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி அணிந்த ஒரு மனிதன். வேறு நிறம் அவன் தொடவில்லை. நடுவர் புள்ளியைக் குறைத்து, கடல் நீலமாக இருத்தல் வேண்டும், நீலமே நம்பிக்கை தரும் என்று குறிப்பு எழுதியிருந்தார். மாணவன் அத்தாளை எம்மிடம் கொண்டுவந்து, "சேர், மாரியிலை கடல் நீலமோ?" என்று மட்டும் கேட்டான்.

நீலமன்று என்பது இவ்வூரில் எவரும் அறிந்ததே. கார்த்திகை தொடங்கித் தை வரையும் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது வானமும் கடலும் ஒரே சாம்பலாகி விடுகின்றன. மகாவலி கங்கை மலைநாட்டு மண்ணைச் சுமந்துவந்து கொட்டியாரக் குடாவிலே சொரியும் வெள்ள நாள்களில், மூதூர்ப் பக்கத்துக் கடல் கலங்கிய தேநீரின் நிறம் கொள்கிறது. மீனவர் இறப்பதும் பெரும்பாலும் அப்பருவத்திலேதான். சுற்றுலா விளம்பரத்து நிலாவெளிக் கடலே நடுவரின் மனத்தில் இருந்தது. மாணவன் தகப்பனுடைய கடலைத் தீட்டினான்.

எமக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது; தமிழ் கற்பிப்பதே எமது தொழில். ஆயினும் இலக்கியத்தைப் படிப்போருக்கு இத்தகைய அட்டவணைகள் புதியன அல்ல. நிலவென்றால் காதல், புயலென்றால் துன்பம் என்று குறியீடுகளுக்கு விலைப்பட்டியல் தயாரித்த பண்டிதரை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இப்பிரசுரத்தை ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பது போல வாசித்து, அதன் குணங்குற்றங்களைக் கூற முற்படுகிறோம். ஒரு நிலையத்தைக் குறைகூறுவது இங்கு எண்ணமன்று. இதே சக்கரமும் இதே அட்டவணையும் கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். அது பயனற்றதன்று. நிறங்களின் அண்மையையும் சேய்மையையும் ஒரே பார்வையிற் காட்டும் வசதி அதற்கு உண்டு. ஆனால் அது இயற்கையிற் கிடந்ததை யாரோ கண்டெடுத்தது போலப் பிரசுரம் பேசுகிறது. 1704இல் வெளிவந்த 'ஒளியியல்' என்னும் நூலில் நியூற்றன்தான், பட்டகத்தின் வழியே விரிந்த நிறப்பட்டையை வளைத்து இரு முனைகளையும் பொருத்தி வட்டமாக்கினார். ஒளியிலே அப்பட்டைக்கு இரு முனைகள் உண்டு. ஒன்று சிவப்பு, மற்றையது ஊதா. அவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவுவது எமது கண்ணிலும் மூளையிலுமே நிகழ்கிறது. நிறங்கள் ஏழு என்ற கணக்குங்கூட, இசையின் சுரங்களுக்கு ஒப்புமையாக அவர் வகுத்துக்கொண்டதாகும். மனிதன் ஒரு தேவைக்காகச் செய்த கருவியைக் கருவியென்று சொல்லிக் கொடுத்தல் ஆசிரியர் கடமை. வேதமென்று சொல்லிக் கொடுத்தால் மாணாக்கன் அதனைத் திருத்தத் துணியமாட்டான்.

இதன் விளைவு முதற்பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் இடையிலேயே வெளிப்படுகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் முதல் நிறங்கள் என்கிறது முதற்பக்கம். மூன்றாம் பக்கமோ சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குச் சுழியம் முதல் 255 வரை எண் தருகிறது. மஞ்சள் எங்கே போயிற்று? பச்சை எவ்வாறு முதல் நிறமாயிற்று? ஒரு வரி விளக்கமேனும் இல்லை.

விளக்கம் கடினமானதன்று. எமது விழித்திரையில் நிறம் உணரும் கூம்புக் கலங்கள் மூவகை. கணினித் திரையும் கைத்தொலைபேசியும் ஒளியை உமிழ்கின்றன. சிவப்பொளி, பச்சையொளி, நீலவொளி ஆகிய மூன்றையும் வேறுவேறு அளவிற் கலந்து அக்கலங்களைத் தூண்டுகின்றன. மூன்றும் முழுமையாகக் கூடினால் வெள்ளை; சிவப்பும் பச்சையும் மட்டும் கூடினால் மஞ்சள். இது கூட்டற் கணக்கு. தாளின் மீது இட்ட மையோ ஒளியை உமிழ்வதில்லை. வந்து விழும் வெள்ளொளியிலிருந்து ஒரு பகுதியை விழுங்கிவிட்டு எஞ்சியதையே திருப்பி அனுப்புகிறது. இது கழித்தற் கணக்கு. அதனால் அச்சகத்திற் பயன்படும் மைகள் சயன், மெஜந்தா, மஞ்சள் என்னும் மூன்றும், நிழலுக்கு வலுவூட்டக் கறுப்புமாக நான்காகும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் பழைய மும்மை, அன்று கிடைத்த மண்ணையும் கல்லையும் கொண்டு தீட்டிய ஓவியரின் அனுபவம். மூன்று கணக்குகளும் தத்தம் களத்தில் ஓரளவு பயன்படுவன. ஒன்றின் விதியை மற்றதன் களத்திற் செலுத்தினால் தொல்லை.

அத்தொல்லையை அனுபவிப்பவர் யார்? திரையிலே கண்ணைப் பறிக்கும் நீலப்பச்சையில் மாணவன் பதாகை அமைக்கிறான்; அச்சகத்திலிருந்து வருவது மங்கிய பாசி நிறம். திரை காட்டும் ஒளிர்ந்த பச்சைகள் பலவற்றை நான்கு மையாற் பிறப்பிக்க இயலாது என்று அவனுக்கு எவரும் கூறியதில்லை. ஆகவே மையிலே கலப்படம் என்றும், இயந்திரக்காரருக்குத் தொழில் தெரியாதென்றும் சண்டை பிறக்கிறது. எமது பாடசாலை ஆண்டு மலர் வேலைக்காக அச்சகத்திற் காத்திருந்த ஒரு மாலையில் இத்தகைய சண்டை ஒன்றைக் கண்ணாற் கண்டோம். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் அத்தொழிலாளி, தாம் செய்யாத பிழைக்குத் தலைகுனிந்து நின்றார். பிரசுரத்தில் இல்லாத அந்த ஒரு வரியின் விலை அது.

இனி, பிரசுரம் அறவே விட்டுவிட்ட ஒன்று உண்டு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் அல்பேட் மன்செல் 1905இல் தம் நிறக் குறியீட்டு முறையை வெளியிட்டபோது, ஒரு நிறத்தைச் சுட்ட மூன்று அளவைகள் வேண்டும் என்றார். அது எவ்வகை நிறம் என்பது ஒன்று. அது எவ்வளவு வெளிறியது அல்லது இருண்டது என்பது ஒன்று. எவ்வளவு செறிந்தது அல்லது மங்கியது என்பது மற்றொன்று. சக்கரத்தில் முதலாவதுதான் தெரியும். இணக்க விதிகள் யாவும் அந்த முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. வாசிக்கவும் தொலைவிலிருந்து அறியவும் கண்ணுக்கு முதன்மையாக உதவுவதோ இரண்டாவது.

கடைத்தெருவிலே இரத்ததான முகாமொன்றுக்குக் கட்டப்பட்ட பதாகை பச்சைத் தளத்திற் சிவப்பெழுத்துக் கொண்டது. சக்கரத்தில் இவை நேரெதிர் நிறங்கள். 'வலிமையான இணை' என்பது பிரசுரத்தின் தீர்ப்பு. அதனை நாம் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக் கறுப்புவெள்ளைக்கு மாற்றினோம். எழுத்துகள் காணாமற் போயின. இரண்டும் ஒரே அளவு இருண்டவை. ஆகவே எழுத்தின் விளிம்பு கண்ணுக்குள் நடுங்குமேயன்றி நிலைக்காது. மேலும், ஆண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் வரை சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்துவதில் இடர்ப்படுவர். நாற்பது ஆண்பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் அத்தகையோராய் இருக்கக்கூடும். கரும்பலகையிற் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதும் ஆசிரியர் நண்பர்களும் இதனைக் கவனித்தல் நலம்.

எமது கோயில் மதில்களைக் கட்டியவர்கள் மன்செலைப் படித்தவர்கள் அல்லர். காவியும் வெள்ளையுமாக மாறிமாறி வரும் அக்கோடுகளை நிலவொளியிலும் இனங்காணலாம். காவி இரும்புத் துரு கலந்த மண், வெள்ளை சுண்ணாம்பு. கையருகே கிடைத்த பொருள்கள் இரண்டு, ஒன்று இருண்டது, ஒன்று வெளிறியது.

மறுபுறம், பேரரசின் கடற்படைத் தளபதி ஒருவர் இதே பாடத்தைத் தவறவிட்ட கதையும் உண்டு. 1940இல் மவுண்ட்பேற்றன் பிரபு, சாம்பல் கலந்த ஊதா பூசிய பயணிகள் கப்பலொன்று மாலை மங்கலில் மறைவதைக் கண்டு, தம் அழிகலங்களுக்குச் சாம்பலோடு சிவப்புக் கலந்த ஒருவகை இளஞ்சிவப்புப் பூசச் செய்தார். விடியலிலும் அந்தியிலும் வானம் சிவப்பது உண்மை. ஆனால் தொலைவிலே கப்பலைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் அதன் இருளும் ஒளியுமே. மற்றைய வேளைகளில் அந்த இளஞ்சிவப்பு எடுபடவில்லை. போர் முடியுமுன்னரே அம்முறை கைவிடப்பட்டது. 1944இல் அவரே தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைவராகக் கண்டிப் பக்கத்தில் வந்தமர்ந்தபோது, திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியரின் கீழைக் கப்பற்படையால் நிறைந்திருந்தது. இவ்வூர் முதியவரின் நினைவிலே நின்ற கப்பல் நிறம் சாம்பலே. 1957இற் பிரித்தானியர் கடற்றளத்தைக் கையளித்துச் சென்ற பின்னரும் போர்க்கப்பலின் நிறம் மாறவில்லை.

நிறங்களின் உறவு பற்றிய அறிவு எங்கே தோன்றியது என்பதையும் பிரசுரம் கூறியிருக்கலாம். பாரிசு நகரின் கோபலின் நெசவாலையிற் சாயப் பகுதியின் பொறுப்பாளராக 1824இல் அமர்ந்த இரசாயனவியலாளர் செவ்ருவெல், கறுப்பு நூல் சோபையற்று இருக்கிறது என்ற முறைப்பாட்டை ஆராய நேர்ந்தது. சாயத்திற் பழுதில்லை. நீலத்தையும் ஊதாவையும் அயலிற் கொண்டதனாலேயே கறுப்பு அவ்வாறு தோன்றியது. ஒரு நிறம் தன் அயல் நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது என்று அவர் கண்டு, 1839இல் பெருநூலாக வெளியிட்டார். சாயக்காரனின் மீது சுமத்தப்பட்ட பழியை நீக்கிய ஆராய்ச்சி அது. எமது அச்சகத் தொழிலாளிக்கு ஒரு செவ்ருவெல் வாய்க்கவில்லை.

இவ்வறிவு எமது வீடுகளிலும் இல்லாததன்று. பழுத்து மஞ்சளடித்த வெள்ளைச் சட்டையை அலசும் நீரிலே தாய்மார் சொட்டு நீலம் விடுவது, மஞ்சளை அதன் எதிர்நிறத்தால் அடக்குவதற்கே. சேலைக் கடையில் மின்விளக்கின் கீழ்ப் பார்த்துத் திருப்தியுறாத பெண்கள், சேலையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்திற் கரையையும் உடலையும் ஒப்புநோக்குவார்கள். ஓரொளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு சாயங்கள் மற்றோரொளியில் வேறுபடக்கூடும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. கடைக்காரரும் மறுப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இக்கல்வியைப் பெருக்கியவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்: யோகான்னஸ் இட்டன், யோசெப் அல்பேர்ஸ். இருவரும் 1888இற் பிறந்தவர்கள். இருவரும் ஜெர்மனியின் பௌகவுஸ் கலைப்பள்ளியிற் கற்பித்தவர்கள். அங்கே இட்டனின் வகுப்பில் அல்பேர்ஸ் மாணவராக அமர்ந்ததும் உண்டு. பிரசுரத்திலுள்ள பன்னிரு கூற்றுச் சக்கரம், 1961இல் வெளிவந்த இட்டனின் நூலாற் பரவியது. அவருக்கு நிறம் உள்ளத்தின் ஒழுங்கு. சக்கரத்துக்குள்ளே நிலையான இணக்கங்கள் உள. அல்பேர்ஸ் 1963இல் வெளியிட்ட நூலோ சட்டங்களை முதலிற் சொல்ல மறுக்கிறது. வண்ணத் தாள்களை வெட்டி, ஒரே நிறத்தை இரு வேறு தளங்களில் வைத்து, அது இரண்டாகத் தோன்றுவதைக் காண்க என்கிறது. செய்துபார், பின்பு பேசு என்னும் முறை. ஏழைப் பாடசாலைக்கு ஏற்றதும் இதுவே. பழைய சஞ்சிகை அட்டைகளும் கத்தரிக்கோலும் போதும். இட்டனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் தொகுத்த முரண்வகைகள் ஏழும் கற்கத்தக்கன. ஆனால் அவரிடமிருந்து சக்கரத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, பயிற்சியைக் கைவிட்டுவிட்டவர்கள் பின்வந்த பிரசுரகாரரே.

இவ்விடத்தில் மாணவனின் சுவரொட்டிக்குத் திரும்புவோம். செம்மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். செறிந்த செம்மஞ்சளின் அயலில் வைத்த சாம்பல், செவ்ருவெல் கண்ட விதிப்படி, மெல்லிய நீலச்சாயல் பெற்றுத் தோன்றும். அத்தாளை நாம் மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அங்கியைச் சூழ்ந்த இடத்திற் கடல் மெய்யாகவே குளிர்ந்து நீலித்துத் தெரிந்தது. அங்கியைக் கையால் மறைத்தால் வெறும் சாம்பலாயிற்று. நடுவர் கேட்ட நீலம் அங்கே இருந்தது. தாளில் இல்லை, பார்ப்பவர் கண்ணில், அந்த மனிதனைச் சுற்றி மட்டும் இருந்தது. உயிர்காப்பு அங்கிக்குச் செம்மஞ்சளைத் தேர்ந்ததும் இவ்வுறவினாலேயே: நீலக் கடலிலும் சாம்பற் கடலிலும் ஒருங்கே தனித்துத் தெரியும் நிறம் அது. பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தை அதன் ஆசிரியரைவிட மாணவன் நன்கு விளங்கிக்கொண்டான் என்றே நாம் கருதுகிறோம். படகை அவன் இன்னுஞ் சற்று வெளிறச் செய்திருக்கலாம். சாம்பலோடு அது ஒட்டிப்போகிறது. இக்குறையை நடுவர் எடுத்துக் காட்டியிருந்தால் நாம் நன்றி கூறியிருப்போம்.

நான்காம் பக்கத்தின் பொருளட்டவணையே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நிறத்துக்குப் பொருள் இல்லை என்று நாம் வாதிடவில்லை. பொருள் உண்டு, அதனைக் கொடுப்பவர் மனிதர், கொடுப்பது ஒரு காலத்தில், ஓர் இடத்தில். சிவப்பு கோபம், கறுப்பு துக்கம் என்கிறது அட்டவணை. தொல்காப்பியர் உரியியலிலே கறுப்பு, சிவப்பு ஆகிய இரு சொற்களையுமே வெகுளிக்கு உரியனவாக வைக்கிறார். அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதைப் பின்னரே சொல்கிறார். எமது பழைய மொழியில் மனிதன் சினந்து கறுத்தான், சினந்து சிவந்தான். கறுப்பைத் துக்கமென்று மட்டும் படித்த பிள்ளை சங்கப் பாடலிலே தடுக்கி விழுவான். பச்சை எமக்குச் செழிப்பு மட்டுமோ? பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய்: எல்லாம் ஒரே சொல்.

வெள்ளை தூய்மையாம். இந்நகரின் ஒரே தெருவிலே, சிங்களக் குடும்பத்தின் மரணவீட்டுக்கு வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள்; கிறித்தவ மணமகள் வெள்ளை உடுத்துத் தேவாலயம் செல்கிறாள்; பழைய வழக்கத்தில் ஊறிய இந்து வீட்டிலே கைம்பெண்ணை வெள்ளைச் சேலைக்குள் அடைத்து வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வெள்ளை தூய்மை என்று எவர் கற்பித்தாரோ, அவரே அவளது மஞ்சளையும் சிவப்பையும் பறித்தவர். எமது மாணாக்கர் அனைவரும் அணியும் சீருடையும் வெள்ளைதான். வாரத்தில் ஐந்து நாளும் அதனை வெளுப்பாக வைத்திருக்கும் உழைப்பு யாருடையது என்பதை அட்டவணை கேட்கவில்லை.

துறைமுகத்துக்கு வருவோம், நிறத்தின் பொருள் பிசகினால் உயிர் போகும் இடம் அது. திறந்த கடலிலிருந்து உட்துறைமுகம் நோக்கி வரும் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு மிதவைகள், வலப்புறம் பச்சை மிதவைகள். சிவப்பென்றால் அபாயம் என்ற விதிப்படி பார்த்தால் பச்சையின் பக்கம் பத்திரம், சிவப்பின் பக்கம் ஆபத்து என்றாகும். அவ்வாறன்று, இரண்டும் வாய்க்காலின் கரைகள், இரண்டையும் தாண்டினால் தரைதட்டும். இன்னும் கேளுங்கள். இதே கப்பல் யப்பானுக்கோ, பிலிப்பைன்சுக்கோ, அமெரிக்கக் கண்டத்துக்கோ சென்றால், துறைமுகம் புகும்போது சிவப்பு வலப்புறத்தில் நிற்கும். முன்னர் உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன. 1980இற் கலங்கரை விளக்க அதிகார சபைகளின் சர்வதேசச் சங்கத்திலே நாடுகள் கூடி, அவற்றை இரண்டு வலயங்களாக ஒழுங்குபடுத்தின. இலங்கை முதலாவது வலயத்தில் உள்ளது. சிவப்பின் ஆன்மா எதுவென்று அங்கே எவரும் ஆராயவில்லை. பேசினார்கள், உடன்பட்டார்கள், எழுதிவைத்தார்கள். அதோடு நிறத்தை மட்டும் நம்பவும் இல்லை. எமது வலயத்தில் இடப்புறத்து மிதவை தகரப்பேணி வடிவினது, வலப்புறத்து மிதவை கூம்பு வடிவினது. நிறம் பிரித்தறியாத கண்ணுக்கும், மங்கிய பொழுதுக்கும், வடிவம் உதவும். வடிவமைப்பு மாணாக்கரை ஒருநாள் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றால் நான்காம் பக்கத்தை அச்சிடும் செலவு மிச்சமாகும்.

உடன்பாடு என்று சொன்னோம். எல்லா நிறங்களும் உடன்பாட்டால் வந்தன அல்ல. 1951இல் எமது நாட்டின் தேசியக் கொடிக்கு இரு நெடுங்கோடுகள் சேர்க்கப்பட்டன; செம்மஞ்சள் தமிழருக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்றனர். கொடிக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் உடன்படாது தம் மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்தார். வடிவமைப்புக் கற்கும் மாணாக்கன் அக்கொடியை ஒரு முறை வடிவமைப்பாகவே நோக்கட்டும்: எந்நிறத்துக்கு எவ்வளவு பரப்பு? எதைச் சூழ்ந்து கரை செல்கிறது? எது கரையால் பிரிக்கப்பட்டு ஒதுங்கி நிற்கிறது? சக்கரத்தில் இவ்வினாக்களுக்கு இடமில்லை. 1957 பெப்ரவரி 4ஆந் தேதி, சுதந்திர தினத்தன்று, இந்நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்திலே கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்னும் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அந்தக் கறுப்புக்குத் துக்கமென்று பொருள் எழுதி முடித்துவிடலாமா? தமிழ்நாட்டிலே திராவிடர் கழகத்தார் தேர்ந்து அணிந்த கறுப்புச் சட்டைக்கு என்ன பொருள் எழுதுவது? எந்தப் பொருள் எழுதினாலும் அதனருகே ஆண்டையும் ஊரையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

இறுதியாக, நிறம் ஒரு பொருளும் ஆகும்; யாரோ தோண்டுகிறார்கள், யாரோ அரைக்கிறார்கள். பிரசுரம் நிறத்தை எண்ணாகவும் உணர்ச்சியாகவும் காண்கிறது, சரக்காகக் காண்பதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் ஏழை மக்கள் சாயவேர் தோண்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பூட்டிய அவ்வேரின் வாணிகம் கும்பினியின் பிடியில் இருந்தது. இது பழங்கதை. எமது மாவட்டத்திலே இன்றும் நடப்பது ஒன்று உண்டு.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை கறுத்த மணலால் ஆனது. இல்மனைற்று என்னும் கனியம் அது; இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. அம்மணலிலிருந்து இரும்பை நீக்கிப் பெறப்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டுத்தான் இன்று உலகின் முதன்மையான வெள்ளைச் சாயப்பொருள். சுவர்ப்பூச்சு, தாள், பிளாத்திக்கு, பற்பசை எல்லாவற்றிலும் உண்டு. அதன் நுண்துகள்கள் ஒளியை வலுவாக முறித்துச் சிதறடிக்கின்றன. அச்சிதறலையே நாம் வெள்ளையென்று காண்கிறோம். இதற்கு முன்னர் ஆண்ட வெள்ளை ஈயவெள்ளை. பூச்சுத் தொழிலாளரை நஞ்சூட்டி வாட்டிய அதனைக் கட்டிடங்களின் உட்புறத்துப் பூச்சிலிருந்து விலக்குவதற்குச் சர்வதேசத் தொழில் மாநாடு 1921இல் ஓர் உடன்படிக்கையையே இயற்ற வேண்டியிருந்தது. அந்த வெள்ளையையும் தூய்மை என்றே விற்றார்கள்.

புல்மோட்டை மணலுக்காக அரசு 1957இற் கனியமணற் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. அன்று தொட்டு, போரினால் தடைப்பட்ட ஆண்டுகள் நீங்கலாக, அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியிருக்கிறது. இரும்பைப் பிரிக்கும் ஆலையும் இரசாயனமும் இலாபமும் வேறு நாடுகளில். வெள்ளைப் பூச்சுக்குரிய சாயப்பொருளை நாம் வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்குகிறோம். சென்ற விடுமுறையில் எமது வகுப்பறைச் சுவருக்கு வெள்ளை பூசியபோது பேணியின் மேலிருந்த பெயர்ப்பட்டியலை மாணாக்கர் வாசித்தார்கள். பனி, முத்து, தந்தம் என்று வெள்ளைக்குப் பல பெயர்கள் இருந்தன. மணல் என்றொரு பெயர் இல்லை.

மேற்கூறியவற்றுள் மூன்றைச் சுருக்கி நிலையத்துக்கு எழுதினோம்: திரைக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டை முதற்பக்கத்திற் சேர்க்குமாறும், ஒளியிருள் அளவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறும், பொருளட்டவணையை நீக்கி அவ்விடத்திலே துறைமுக மிதவைகளின் படமொன்றை இடுமாறும் கேட்டிருந்தோம். அடுத்த பதிப்பிற் கவனிப்பதாகப் பண்புடன் பதில் வந்தது. சுவரொட்டியின் புள்ளியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மாணவன் இப்போது அதே மனிதனை மற்றொரு தாளில் வரைந்துகொண்டிருக்கிறான். படகைச் சற்று வெளிறச் செய்திருக்கிறான், கடலை மாற்றவில்லை.